அறுபத்தெட்டாவது கிரைண்டர்

அன்றைக்கு மத்தியானம் மூன்றரை மணிக்குத் தேர்தல் தேதியை அறிவிப்பார்கள் என்று கீழக்கரிசலில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலர் உலகேஸ்வரி, சட்டமன்ற உறுப்பினர் குத்தாலிங்கத்தைக் காலையில் அவ்வளவு நேரம் பேச விட்டிருக்க மாட்டாள். பத்து மணிக்கு வந்தவர் பதினொன்றேகால் வரை பேசினார். ஐந்து பெண்களுக்குத் தன் கையால் கிரைண்டர் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். மிச்சம் நூற்று முப்பத்தைந்து கிரைண்டர்கள் சமுதாயக் கூடத்தில் அட்டைப்பெட்டிகளாக அடுக்கியிருந்தன. அதையெல்லாம் கொடுத்து முடிப்பது உலகேஸ்வரியும் தலையாரி சுடலைக்கண்ணும் பார்க்க வேண்டிய வேலை.

ரேஷன் கார்டு வரிசைப்படி முதலில் வடக்குத் தெரு, பிறகு தெற்குத் தெரு. பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும், டோக்கனைக் கிழிக்க வேண்டும், பெட்டியைக் கொடுக்க வேண்டும். காலையில் வாங்கிய ஐந்து பேரோடு சேர்த்து வடக்குத் தெருவின் அறுபத்தேழு கார்டும் முடிந்து தெற்குத் தெருவின் முதல் ஆளாகப் பொன்னுக்கிளி வந்து நின்றாள். பீடி சுற்றுகிறவள். கைரேகை வைக்கிறாயா என்று கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்கு எழுதத் தெரியும். பேனாவக் குடுங்க."

ஒவ்வொரு எழுத்தாக, தலையைச் சாய்த்துப் பார்த்துப் பார்த்து எழுதினாள். கடைசி எழுத்தின் சுழியைப் போட்டுப் பேனாவை எடுக்கும்போது, டீ வாங்கப் போயிருந்த சுடலைக்கண்ணு டீ இல்லாமல் ஓடி வந்தார்.

"எம்மா, நிறுத்துங்க! டிவியில தேதி சொல்லிட்டாவ. எலெக்ஷன் வந்துட்டு!"

அவர் வாய் மூடுவதற்குள் உலகேஸ்வரியின் கைபேசியில் தாசில்தார். "இருக்கிற இடத்துல அப்படியே நிறுத்துங்கம்மா. இனி ஒரு பொருள் வெளிய போகக்கூடாது. பூட்டி சீல் வைங்க."

பொன்னுக்கிளியின் பெட்டி கூடத்து வாசல்படியில் இருந்தது. சுமை தூக்குகிறவர் அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, தூக்குவதா இறக்குவதா என்று உலகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள வச்சிருங்கண்ணே" என்றாள் உலகேஸ்வரி.

"எதுக்கு உள்ள வைக்கணும்?" பொன்னுக்கிளி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "நான் வாங்கிட்டேன்னு கவர்மெண்டு நோட்டுல எழுதிக் குடுத்தாச்சுல்லா. வாங்கிட்டேன்னு எழுதியிருக்கு, பொருள் உங்ககிட்ட இருக்கு. அப்போ நான் பொய் சொன்னவளா, நீங்க எடுத்துக்கிட்டவியளா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. உலகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. பொன்னுக்கிளி பேசுவது அத்தனையும் சரி. கையெழுத்தை அடித்தால் ஏன் அடித்தாய் என்று தணிக்கையில் கேட்பார்கள். அடிக்காமல் பெட்டியை உள்ளே வைத்தால் கிரைண்டரை விழுங்கியவள் என்ற பேர் நிலைத்துவிடும். இரண்டு நிமிடம் யோசித்தாள்.

"எடுத்துட்டுப் போ."

பொன்னுக்கிளி பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். உலகேஸ்வரி பதிவேட்டில் அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'பி.ப. 3.45' என்று குறித்தாள். எதையும் உள்ளபடி எழுதி வைப்பது அவளுடைய பழக்கம். அந்தப் பழக்கத்தால் நல்லதும் நடந்திருக்கிறது, கெட்டதும் நடந்திருக்கிறது.

வரிசையில் அடுத்து நின்றவள் வெள்ளத்தாய். கையில் டோக்கனோடு அப்படியே நின்றாள்.

"அவளுக்குப் பின்னாலதான நிக்கேன். ஒரு கையெழுத்து தூரம். அவளுக்கு உண்டு, எனக்கு இல்லையா?"

"சட்டம் வந்துட்டும்மா. இனிமே குடுத்தா ஓட்டுக்குக் குடுத்ததா ஆகும்."

"காலையில குடுத்தது எதுக்குக் குடுத்தது?"

"அது நலத்திட்டம்."

"மூணரைக்கு முன்னால நலத்திட்டம், மூணரைக்குப் பின்னால லஞ்சமா? நல்லா இருக்கே உங்க கடியாரம்!"

உலகேஸ்வரி பூட்டை எடுத்தாள். கதவைப் பூட்டி அரக்கு வைத்தாள். வெள்ளத்தாய் கேட்டது மட்டும் அவளோடு கூடவே வந்தது. பஸ்ஸில் சங்கரன்கோவிலுக்கு வீடு திரும்பும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டு போனாள். அதே கல், அதே மோட்டார், அதே அட்டைப்பெட்டி. கடிகார முள் நகர்ந்தால் பொருளின் குணமே மாறிவிடுமா?

சமுதாயக் கூடத்து ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கதவு கிடையாது. தெற்குத் தெருப் பெண்கள் குழாயடிக்குப் போக அந்த ஜன்னலை ஒட்டித்தான் வழி. எழுபத்திரண்டு பெட்டிகள் அடுக்கடுக்காக இருப்பது கம்பி வழியாகத் தெரியும். பெட்டியில் அச்சடித்திருந்த தலைவர் படத்தை மறைக்கச் சொல்லி உத்தரவு வந்ததால் சுடலைக்கண்ணு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வெள்ளைத்தாள் ஒட்டினார். அதற்குப் பிறகு பெட்டிகள் இன்னும் பளிச்சென்று கண்ணில் பட்டன. போகிறவர்களும் வருகிறவர்களும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

குத்தாலிங்கம் ஓட்டுக் கேட்டு வந்தபோது கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் வழக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். சமுதாயக் கூடத்துக்கு எதிரே ஜீப்பை நிறுத்தி, பூட்டை ஒரு தடவை பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

எதிர்த்து நின்றவர் ஆறுமுகநயினார். கல்லூரியில் பொருளாதாரம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். மனசில் பட்டதை மறைக்கத் தெரியாது. தெற்குத் தெரு முக்கில் நின்று மைக்கில் அரை மணி நேரம் பேசினார்.

"தாய்மார்களே, உங்கள் வரிப்பணத்தை எடுத்து உங்களுக்கே இலவசம் என்கிறார்கள். நாலே முக்கால் வருஷம் தூங்கிவிட்டுத் தேர்தல் வரும்போது கொடுப்பது நலத்திட்டமா? அது லஞ்சம்! லஞ்சம் வாங்கிய கை என்று உங்கள் பிள்ளைகள் நாளைக்குச் சொல்லக் கூடாது."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சுடலைக்கண்ணு, உலகேஸ்வரியிடம் குனிந்து சொன்னார். "எம்மா, இவரு தெரு மாறி வந்துட்டாரு. வாங்கினவுக வடக்கால இருக்காவ. வாங்காதவுககிட்ட வந்து வாங்கிட்டிய வாங்கிட்டியங்காரே."

தேர்தல் முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் குத்தாலிங்கம் ஜெயித்தார். ஆட்சியும் அவர் கட்சிக்கே வந்தது. பத்து நாள் கழித்து வாக்குச்சாவடி வாரியான கணக்கு வெளியானபோது உலகேஸ்வரி தாலுகா அலுவலகத்தில் நின்றபடியே அதைப் புரட்டினாள். வடக்குத் தெருவுக்கு ஒரு சாவடி, தெற்குத் தெருவுக்கு ஒரு சாவடி. இரண்டு தெருவும் ஒரே சாதி, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். தொழில்கூட பாதிக்குப் பாதி பீடிதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. வடக்கே கிரைண்டர் போயிருந்தது, தெற்கே போகவில்லை.

யாரோ அவளுக்காகவே இப்படி ஒரு பரீட்சை வைத்ததுபோல இருந்தது. விரலை வரிசையில் ஓட்டி விடையைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பார்த்தாள். சாவடி எண்ணை மாற்றிப் படித்துவிட்டோமோ என்று சுடலைக்கண்ணுவையும் பார்க்கச் சொன்னாள்.

வடக்குத் தெருவில் ஆறுமுகநயினாருக்கு இருநூற்று நாற்பது, குத்தாலிங்கத்துக்கு நூற்றுப் பத்து. தெற்குத் தெருவில் குத்தாலிங்கத்துக்கு இருநூற்று எழுபது, ஆறுமுகநயினாருக்கு எண்பது.

"வாங்கினவுக போடல, வாங்காதவுக போட்டிருக்காவ" என்றார் சுடலைக்கண்ணு. "இது என்ன கூத்து!"

யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்கக் கூடாது என்பது உலகேஸ்வரிக்குத் தெரியும். ஆனால் ஏன் இப்படி ஆகியிருக்கும் என்று கேட்கலாம் அல்லவா? பயிர்க் கணக்கு எடுக்கப் போகும்போதும், சாதிச் சான்றிதழுக்கு விசாரிக்கப் போகும்போதும், இரண்டு தெருவிலும் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

வடக்குத் தெருவில் ஒருவர் தயக்கமே இல்லாமல் சொன்னார். "கிரைண்டர்தான் வீட்டுக்கு வந்துட்டே. அதத் திருப்பியா வாங்கப் போறாவ? இனிமே வேண்டியது தண்ணி. தாமிரவருணித் தண்ணி கொண்டாரேன்னு வாத்தியார்தான் சொன்னாரு."

தெற்குத் தெருவில் வெள்ளத்தாய் அவளையே கேலி செய்தாள். "பூட்டிக் காட்டிட்டுப் போனவிய நீங்க. இப்ப வந்து ஏன்னு கேக்கிய! அவுக கட்சி வந்தாத்தான அந்தப் பூட்டத் திறப்பாவ? வாத்தியாரு வந்தா லஞ்சம்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவாரு. இதுகூடவா எங்களுக்குத் தெரியாது?"

 அந்தக் கூடத்தைப் பூட்டிய கை உலகேஸ்வரியுடையது. ஓட்டுக்காக எதுவும் போய்விடக் கூடாது என்றுதான் பூட்டினாள். கொடுத்த அறுபத்தெட்டைவிடப் பூட்டி வைத்த எழுபத்திரண்டல்லவா ஓட்டு வாங்கியிருக்கிறது?

பூட்டு அப்போதும் திறக்கவில்லை. ஆறுமுகநயினார் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டுவிட்டார். தேர்தலுக்கு முன்னால் அரசுப் பணத்தில் பொருள் கொடுத்தது ஊழல் நடவடிக்கை, அறிவிப்புக்குப் பிறகும் கொடுத்தார்கள், அதற்குப் பதிவேடே சாட்சி என்பது மனு. 'பி.ப. 3.45' அதில் முக்கியமான சான்று. உலகேஸ்வரிக்கும் பொன்னுக்கிளிக்கும் சம்மன் வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு மேலதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அது மூணு பதினஞ்சுதான், தப்பா எழுதிட்டேன்னு சொல்லிருங்கம்மா. உங்களுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது." உலகேஸ்வரி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள். ஆட்டியதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. சென்னை வரைக்கும் ரயிலில் அதே யோசனை.

அவள் சாட்சிக் கூண்டில் ஏறியதும் ஆறுமுகநயினாரின் வழக்கறிஞர் நேராக அதற்கே வந்தார்.

"இந்த நேரக் குறிப்பு உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா."

"மூணே முக்காலுக்கு, தேர்தல் அறிவிச்ச பிறகு, தாசில்தார் நிறுத்தச் சொன்ன பிறகு, இந்தப் பொருளைக் கொடுத்தீங்க. சரியா?"

 மூன்று பதினைந்து என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் பொன்னுக்கிளி ஒவ்வொரு எழுத்தாக எழுதிய அந்தக் கையெழுத்து கண்முன் வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் பொய்யாக ஒரு நேரத்தை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சரிதான் அய்யா. நான்தான் கொடுத்தேன். யாரும் கொடுக்கச் சொல்லலை."

வழக்கறிஞர் முகம் மலர்ந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுவிட்டார். "ஊரை நன்றாகத் தெரிந்தவர் நீங்க. இந்தப் பொருளெல்லாம் ஓட்டை மாத்துச்சா இல்லையா? உங்க அனுபவத்தில் சொல்லுங்க."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். அது சாட்சியின் சொந்தக் கருத்து, பதிவு செய்யக் கூடாது என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லட்டுமே. எனக்கும் தெரியணும்."

உலகேஸ்வரி இரண்டு சாவடிகளின் கணக்கையும் சொன்னாள். வாங்கிய தெருவில் கொடுத்தவருக்குத் தோல்வி, வாங்காத தெருவில் வெற்றி. நீதிமன்றத்தில் சிரிப்பு பரவியது. மனுதாரரின் வழக்கறிஞர் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். ஆறுமுகநயினார் மட்டும் பின் வரிசையில் எழுந்து நின்று, காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா என்னம்மா சொல்றீங்க?" நீதிபதி முன்னால் சாய்ந்தார். "கொடுத்தது லஞ்சம் இல்லை, கொடுக்காம வச்சிருந்ததுதான் லஞ்சம்ங்கிறீங்களா?"

"அது எனக்குத் தெரியலைங்கய்யா. ஒரு வருஷமா நானும் அதைத்தான் யோசிச்சுட்டிருக்கேன்."

அடுத்துப் பொன்னுக்கிளி ஏறினாள். சுற்றிலும் கறுப்புக் கோட்டு நிற்பதைப் பார்த்தும் அவளுக்குப் பயம் வந்ததாகத் தெரியவில்லை. கிரைண்டர் வாங்கினாயா என்று அதே வழக்கறிஞர் கேட்டதற்கு, வாங்கினேன் என்றாள். நன்றாக ஓடுகிறதா என்று யாரும் கேட்காமலே, கல் கொஞ்சம் ஆடுகிறது என்றாள்.

"அந்தப் பொருளை வாங்கின பிறகு ஓட்டுப் போடணும்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"எனக்கு ஏதுய்யா ஓட்டு?"

"என்னம்மா?"

"லிஸ்ட்டுல என் பேரே கிடையாது. கலியாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து ஒம்பது வருஷமாச்சு. மூணு தடவ எழுதிக் குடுத்தேன். எங்க வி.ஏ.ஓ. அம்மாகிட்டயே ரெண்டு தடவ. இன்னா உக்காந்திருக்காவளே, கேளுங்க."

நீதிமன்றம் முழுவதும் உலகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தது. உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கிறவள் என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு. பொன்னுக்கிளியின் விண்ணப்பத்தை எந்தக் கோப்பில் வைத்தாள் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.  தலையைக் குனிந்துகொண்டாள்.

மத்தியானம் வெளியே வேப்பமரத்தடிச் சிமெண்டுத் திட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பொன்னுக்கிளி ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றில் பாதியை டப்பா மூடியில் வைத்து நீட்டினாள்.

"கோவமாம்மா?"

"உன்மேல எதுக்குக் கோவம். தப்பு என்னுது. ஏன் பொன்னு, எங்கிட்ட ரெண்டு தடவ குடுத்தியே, மூணாவது தடவ வந்து சண்டை போட்டிருக்கலாம்ல? கிரைண்டருக்கு அந்தச் சண்டை போட்டியே."

பொன்னுக்கிளி மென்றுகொண்டே யோசித்தாள். "கிரைண்டர் கண்ணு முன்னால இருந்துச்சு. ஓட்டு எங்க இருக்குன்னு கண்டேன்?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "எம்மா, எனக்கு ஒரு சந்தேகம். அந்த வக்கீலு ஓட்டுக்காகக் குடுத்தாவன்னு சொல்லுதாரு. எனக்குத்தான் ஓட்டே கிடையாதே. அப்போ எனக்குக் குடுத்தது எதுக்கு?"

"கார்டு இருந்துச்சு, குடுத்தாங்க."

"அப்போ கார்டுக்குத்தான குடுத்தாவ. அதுல என்ன தப்பு?"

"எலெக்ஷன் வரப்போகுதுன்னு தெரிஞ்சு அவசர அவசரமா எதுக்குக் குடுத்தாங்கன்னு அவரு கேக்காரு. நாலே முக்கால் வருஷம் எங்க போனாங்கன்னு."

"அதுவும் நியாயமான கேள்விதான்" என்றாள் பொன்னுக்கிளி. "ரெண்டு பேரும் நியாயமாத்தான் பேசுதாவ. அந்த நீதிபதி பாவம்."

தீர்ப்பு வர இன்னும் ஏழு மாதம் ஆனது. மனு தள்ளுபடி. சட்டமன்றம் நிதி ஒதுக்கி, கட்சி பார்க்காமல் கார்டுக்குக் கொடுத்த பொருளை வேட்பாளர் கொடுத்த லஞ்சம் என்று சொல்ல முடியாது. அறுபத்தெட்டாவது கிரைண்டர் விதிமீறல்தான், ஆனால் அது ஓர் அலுவலரின் செயல், வேட்பாளருக்கு அதில் பங்கில்லை. அதற்குக் கீழே நீதிபதி ஒரு வரி எழுதியிருந்தார். தேர்தல் வாசலில் வைத்துக் கொடுப்பது முறைதானா என்பது வேறு கேள்வி, இந்தச் சட்டம் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. உலகேஸ்வரி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். யாரிடம்தான் கேட்கும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அவளுக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. ஆறு மாத ஊதிய உயர்வு நிறுத்தம். மேல்முறையீடு செய்யுங்கள் என்று சங்கத்தார் சொன்னார்கள், அவள் செய்யவில்லை. அந்த மாதமே தெற்குத் தெருவில் வீடு வீடாக ஏறி, பட்டியலில் விட்டுப்போன பெயர்களை எழுதினாள். பொன்னுக்கிளியோடு சேர்த்துப் பதினாலு பேர்.

ஒருநாள் ஆறுமுகநயினார் தாலுகா அலுவலகத்துக்கு வந்தார். கோபமாக வந்திருப்பார் என்று நினைத்து அவள் எழுந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா. தோத்ததப் பத்திப் பேச வரல. வடக்குத் தெருவுல எனக்கு ஏன் விழுந்துச்சுன்னு நீங்க விசாரிச்சீங்களாமே. அதச் சொல்லுங்க."

"தண்ணிங்கய்யா. நீங்க தண்ணி கொண்டாருவேன்னு சொன்னீங்களாம்."

 "நானும் ஒண்ணு தாறேன்னுதான் சொல்லியிருக்கேன், என்ன?" என்றார் ஆறுமுகநயினார். "அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு எங்கிட்டப் படிச்ச பயலுவ கேட்டா ஒரு மணி நேரம் பாடம் நடத்துவேன். நானே என்னைக் கேட்டா பாதியில நிக்குது."

டீ வரவழைத்தாள். இருவரும் அதைப் பற்றியே பேசினார்கள். பள்ளியில் போடும் சத்துணவு எதில் சேரும், மாணவர்களின் சைக்கிள் எதில் சேரும், குழாய்த் தண்ணீர் எதில் சேரும் என்று. எங்கே கோடு போட்டாலும் யாராவது ஒருவர் தவறான பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். கிளம்பும்போது அவர் சொன்னார், "நேரம்தான்மா விஷயம். எப்பக் குடுக்கோம்ங்கிறதுலதான் இருக்கு." படி இறங்கினவர் மறுபடி ஏறி வந்தார். "அதுவும் முழுசாச் சரின்னு தோணல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வழக்கு முடிந்ததும் கூடத்தைத் திறக்க உத்தரவு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. அமைச்சரும் இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை, பந்தலும் இல்லை. அடுத்த தேர்தலுக்கு இன்னும் மூன்று வருஷம் கிடந்தது. சுடலைக்கண்ணு தெற்குத் தெருவில் சொல்லிவிட்டு வந்தார், ஆனால் பதினோரு மணி வரை ஒருவரும் வரவில்லை. கடைசியில் வெள்ளத்தாய் மட்டும் வந்து, சேலை முந்தானையைக் கடித்தபடி வாசலில் நின்றாள்.

"எம்மா, எதுவும் எலெக்ஷன் வருதா?"

"இல்ல."

"இடைத்தேர்தலு?"

"அதுவும் இல்ல வெள்ளத்தாய். உனக்கு வர வேண்டியது, வந்திருக்கு. கையெழுத்துப் போடு."

வெள்ளத்தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. சும்மாவா கொடுப்பார்கள் என்பதுபோல உலகேஸ்வரியின் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, வெள்ளைத்தாளைக் கிழித்து, பெட்டியைப் பிரித்து, கல்லை இரண்டு கையாலும் தூக்கி எங்காவது விரிசல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உலகேஸ்வரி பேனாவை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.